பஜ்ஜிக் கடை விமானி

எதிரி விமானம் மறுபடியும் பின்னால் வந்துவிட்டது. இசக்கியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கம் சாய்ந்தான். குண்டுகள் இறக்கையை உரசிக்கொண்டு போயின.

“என்னத்துக்கு இப்படிச் சாயுதிய? எண்ணெய்ச் சட்டிக்குள்ள விழுந்துராதிய!” என்று கத்தினாள் அவன் மனைவி வேல்விழி.

விமானம் போனுக்குள் பறந்துகொண்டிருந்தது. இசக்கியப்பன் தன் பஜ்ஜிக் கடையில், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

குற்றாலத்துக்கு மேலே, ஒரு எஸ்டேட்டுக்குள் விழும் சின்ன அருவிக்கு ஏறிப் போகும் பாதையின் அடிவாரத்தில் இருந்தது கடை. காலையில் தண்ணீர் கூடிவிட்டதென்று எஸ்டேட் காவலாளிகள் பாண்டிராஜும் சுடலைக்கண்ணுவும் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். அருவியை அடைத்தால் கடையும் அடைத்த மாதிரிதான். குளித்து நடுங்கிக்கொண்டு வருகிறவனுக்குத்தான் மிளகாய் பஜ்ஜி தேவாமிர்தம். தலை நனையாதவன் விலையைக் கேட்டுவிட்டு நடையைக் கட்டுவான்.

மதுரையிலிருந்து வந்த ஒரு பஸ் கூட்டம் தோளில் துண்டோடு காத்திருந்தது. “குளிச்சிட்டு வந்து வாங்கிக்கிறோம்க்கா” என்று எல்லாரும் வேல்விழியிடம் சொல்லி வைத்திருந்தார்கள். சீசனின் கடைசி ஞாயிறு. அதை நம்பி அவள் அண்டா நிறைய மாவு கரைத்துவிட்டாள். இந்தக் கூட்டம் குளிக்காவிட்டால் அத்தனையும் புளித்து வாய்க்காலுக்குத்தான்.

“மேல போயி, அருவிய எப்பத் தொறப்பாவன்னு பாண்டிராஜ்கிட்ட கேட்டுட்டு வாங்களேன்.”

“ஏட்டி, நீ போயிட்டு வா. இங்கன நான் உசுருக்குப் போராடிக்கிட்டிருக்கேன்.”

எதிரியின் பெயருக்குப் பக்கத்தில் பிரேசில் கொடி இருந்தது. போன தடவை அருவியை அடைத்த அன்றும் இதே பிரேசில்காரன்தான் இவனை வரிசையாகச் சுட்டுத் தள்ளினான். ஆட்டம் முடிந்ததும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள வசதி உண்டு. ஆனால் அந்த ஆள் ஜெயித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவான். அந்தத் திமிரைத்தான் இசக்கியப்பனால் தாங்க முடியவில்லை.

இன்றைக்கும் தோற்றால் ஜப்பானின் மானம் என்ன ஆவது? இவன் கொடி ஜப்பான். கொடியை அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதால், பார்க்க லட்சணமாக இருக்கிறதென்று அதை எடுத்துக்கொண்டான்.

பிரேசிலுடையது ஜெட். இவனுடையது மூக்கில் காற்றாடி சுற்றும் பழைய விமானம். நேராக ஓடினால் ஜெட் ஒரே மூச்சில் பிடித்துவிடும். ஆனால் அந்த வேகத்தில் அதற்குச் சட்டென்று திரும்ப வராது. பாவூர்சத்திரம் சந்தைக்கு லோடு ஏற்றிப் பறக்கும் டெம்போ மாதிரி அகலமாக வளைந்துதான் வரவேண்டும்.

அதனால் இவன் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தான். ஜெட் பாய்ந்து வரும், குறி தவறித் தாண்டிப் போகும், மறுபடி வரும். இப்படியே சாயங்காலம் வரைக்கும் அவனை அலைக்கழிக்கலாம் என்று நினைத்ததும் இசக்கியப்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வேல்விழி மூச்சிரைக்க இறங்கி வந்தாள்.

“தண்ணி எப்பவோ கொறஞ்சிட்டுங்க. பச்சப்புள்ளகூடக் குளிக்கலாம். கேட்டா, அஞ்சு நிமிசம் பொறுங்கன்னு சொல்லுதான் பாண்டிராஜ். நானும் அப்பருந்து கேக்கேன், அவனுக்கு அந்த அஞ்சு நிமிசம் முடிய மாட்டேங்கு.”

“மாசச் சம்பளம் வாங்குதவனுக்கு நம்ம மாவு புளிக்கது தெரியுமா? பொறுப்பில்லாத பய!” என்று திட்டிக்கொண்டே இசக்கியப்பன் இன்னொரு வட்டம் அடித்தான்.

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். “இனிமே நம்ப முடியாதுப்பா. தென்காசிக் கோயிலப் பாத்துட்டு ஊரு போய்ச் சேருவோம்” என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர். தோளில் கிடந்த துண்டுகள் பைக்குள் போயின.

“ஐயா, கொஞ்சம் பொறுங்க! இப்பத் தொறந்துருவாவ!” வேல்விழி பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடினாள். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. அவள் திரும்பி வந்து அண்டாவுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

இசக்கியப்பன் எதையும் பார்க்கவில்லை. ஜெட் அவன் வாலுக்கு நேராக வந்துகொண்டிருந்தது. இந்த முறை அவன் திரும்பவில்லை. வேகத்தை ஒரேயடியாகக் குறைத்துவிட்டான். அதே வேகத்தில் வந்த ஜெட் நிற்க முடியாமல் அவனைத் தாண்டிப் போய், அவனுக்கு முன்னாலேயே முதுகைக் காட்டிக்கொண்டு பறந்தது. இசக்கியப்பன் கட்டைவிரலை அழுத்தினான். திரை முழுக்க நெருப்பு.

“செத்தான்டி பிரேசில்காரன்!” ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டுக் குதித்தான். “எம்புட்டு நேரம் இழுத்தடிச்சேன் தெரியுமா அவன!”

வேல்விழி கரண்டியைக் கையில் எடுத்தாள். பஜ்ஜி போடுகிறவள் பிடிக்கிற மாதிரி அதைப் பிடிக்கவில்லை.

அப்போது இயர்போனில் முதன்முதலாக அந்த எதிரியின் குரல் கேட்டது. பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு பக்கத்தில் இருந்த யாரையோ கூப்பிட்டுச் சொன்னான்:

“ஏலே சுடல, சனங்களக் குளிக்க விடுலே. ஆட்டம் முடிஞ்சிட்டு.”