குறையாத வேகம்

மலைமேல் இருந்த தொலைநோக்கி நிலையத்திலிருந்து ஹசிந்தா, லா செரேனா நகரில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பியபோது காலை ஒன்பது மணி; 1997-ஆம் வருடக் கடைசி. கணவன் எவாரிஸ்தோ ரொட்டியில் வெண்ணெய்ப்பழம் தடவிக்கொண்டிருந்தான்.

"ராஜினாமா எழுதிட்டேன்" என்றாள், தோள்பையைக்கூடக் கழற்றாமல்.

"வீட்டுல வேலைப் பேச்சு வேண்டாம்னு கல்யாணத்தன்னைக்கே முடிவு பண்ணினோமே, ஹசி."

"இன்னைக்கு ஒரு நாள் கேளேன்டா, முடியல. பிரபஞ்சம் விரியற வேகம் வரவரக் குறையணும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் கூடிக்கிட்டே போகுதுன்னு விடை வருது. வெடிச்ச நட்சத்திரம் ஒவ்வொண்ணும் இருக்க வேண்டியதைவிட மங்கலா, எங்கேயோ தள்ளி நிக்குது. நாலு மாசமா தப்பைத் தேடறேன். எங்க குழுத் தலைவர் என்னைப் பாக்கற பார்வையே சரியில்ல."

ரொட்டி அவன் கையிலேயே நின்றது.

"உன்கிட்டப் போய்ச் சொன்னேன் பாரு!" என்று ராஜினாமாக் கடிதத்தை உறைக்குள் திணித்தாள்.

எவாரிஸ்தோ அதைப் பிடுங்கிக்கொண்டான். "இதைச் சொன்னா என் வேலை போயிடும். போனாப் போகட்டும்."

ஹசிந்தாவின் குழுவை முந்துவதற்காக ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருந்த போட்டிக் குழுவில் கணக்குப் போடுகிறவன் அவன்.

"எங்களுக்கும் அதே விடைதான் வருது, ஹசி. எங்க நட்சத்திரங்க வேற, எங்க முறையும் வேற. நானும் மூணு மாசமா தூங்காம தப்பைத் தேடறேன்."

ஹசிந்தா தோள்பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

"அப்ப, தப்பு யார்மேலடா?"

"நமக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவங்கமேல."