கடல் தாண்டி வந்த வாசம்

"கண்ண மூடிட்டு மோந்தாப் போதும். புகையிலை எந்த ஊரு, வெட்டுனப்ப மழையா வெயிலான்னே சொல்லிருவேன்!"

வாலிநோக்கம் கடற்கரையில் யோகேஸ்வரன் பைப்பைக் கடித்தபடி சொக்கிப்போய்க் கிடந்தார். "திண்டுக்கல்லு தொண்டையக் கமற வைக்கும். வேதாரண்யம் லேசா உப்புக் கரிக்கும். அடடா, இந்தா யாழ்ப்பாணம் மணக்குதே!"

மனைவி வீரலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இனிமே புகையிலையத் தொடமாட்டோம்னு ராமேஸ்வரத்துல முங்கிச் சத்தியம் பண்ணிட்டு, திருட்டுத்தனமாப் பத்தவச்சீகளா? நாளைக்கே மக வீட்டுக்குப் போறேன்."

அவர் பைப்பைக் கவிழ்த்தார். மணல்தான் கொட்டியது; சாம்பல் துளிகூட இல்லை.

"அப்ப வாசம் கடலத் தாண்டியா வருது? கதை விடாதீக!"

"பக்கத்துலருந்துதான் வருது. எங்க, வாயத் திற."

வீரலட்சுமி கடைவாயில் ஒதுக்கியிருந்ததைத் துப்பினாள். "நெசந்தான், யாழ்ப்பாணந்தான். மழையா வெயிலான்னு மட்டும் கடைக்காரன்ட்ட கேக்கல."