கைக்கு எட்டும் கத்தி

படகுத்துறைச் சாமான் அறையில் ஈர ரப்பர் வாடை. ஜன்னல் வெயில் கத்தியில் பட்டுச் சுவரில் பூச்சியாய்த் துள்ளுகிறது. கடலடியில் சிக்கிக் கிடக்கும் வலைகளை வெட்டியெடுப்பதுதான் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பிழைப்பு. அவன் கத்தி உறையை இடுப்பிலிருந்து அவிழ்த்து மார்புப் பட்டையில் மாட்டுகிறான்; கண்ணை மூடி இடக்கையால் துழாவுகிறான், வலக்கையால் துழாவுகிறான், திரும்ப இடுப்புக்கே மாற்றுகிறான். “கத்தி என்ன, கால் முளைச்சு ஓடவா போகுது?” என்கிறாள் அவள், பழைய கயிற்றில் கத்தரிக்கோலைப் பதம் பார்த்தபடி. “போன வாரமும் கெண்டைக்கால்ல பத்திரமாத்தான் இருந்துச்சு. வலை கையையும் சேர்த்துல்ல சுத்திடுச்சு.” என்கிறான் அவன். அன்று அவளுடைய கத்தியோ நழுவி ஆழத்துக்குப் போனது. அவனைச் சுற்றிய வலையை வெறுங்கையால் பிய்த்த கீறல்கள் அவள் விரல்களில் இன்னும் ஆறவில்லை. வெளியே படகின் என்ஜின் இருமுகிறது. அவள் எழுந்து வந்து, கத்தரிக்கோல் உறையை அவனுடைய தோளுக்குப் பின்னால், முதுகுப்பட்டையில் இழுத்துக் கட்டுகிறாள். அவன் கண்ணை மூடி, கையை வளைத்து வளைத்துப் பார்க்கிறான். விரல் போய்ச் சேரவில்லை. “அங்க எனக்கு எட்டாதுடி.” முடிச்சை இன்னொரு முறை இறுக்குகிறாள். “எனக்கு எட்டினா போதும்.”