பைகளைக் கிழிப்பவன்

"பூட்டு போட்ட பகுதிக்கு மாத்தறதைத் தவிர வேற வழி தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு, விடுதிப் பொறுப்பாளர் ஒரு சட்டையை மேசைமேல் விரித்துப் போட்டார்.

அதன் பை கிழிந்து நாக்கு மாதிரி தொங்கியது.

கிழித்தவன் என் தம்பி, அந்தப் பராமரிப்பு விடுதியில் இருப்பவன். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். வீட்டில் அவனுக்குத் துரை என்று பெயர். அங்கே இருந்தவரை துரை எழுந்து வந்தால்தான் எங்களுக்கு அடுப்பே பற்றும், அப்படி ஓர் அதிகாரம். பேச்சு வராது. காது மட்டும் பாம்புக் காது.

அவனைப் பற்றிய கூட்டத்தில் அவனும் இருக்க வேண்டும், அது அவன் உரிமை என்று சண்டை பிடித்தவள் நான். அந்த ஒரு நாற்காலிக்காக நான் ஏறாத படி இல்லை. நாற்காலி போட்டுவிட்டார்கள். ஆனால் ஒருவர்கூட அவன் பக்கம் திரும்பவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே உட்கார வைத்த கதைதான்.

பொறுப்பாளர் அடுக்கிக்கொண்டே போனார். துணி துவைக்கும் பெண்ணின் பர்ஸைப் பிடுங்கினான். சமையல்காரரின் தோள்பையைக் கவிழ்த்துக் கொட்டினான். தடுக்கப் போன காவலாளியைக் கடித்தான். ஊசி போட வந்த நர்ஸின் கோட்டுப் பையைக் கிழித்தான். முன்பெல்லாம் பசு மாதிரி இருந்தவனாம், இப்போது கிட்டப் போகவே எல்லோருக்கும் பயமாம்.

அந்தப் பூட்டு போட்ட பகுதியை நான் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். அதன் கதவுகளுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. உள்ளே போனவர்கள் வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஏதோ இடறியது. ஆட்கள்தான் மாறிக்கொண்டிருந்தார்கள். அவன் கை போன இடம் மாறவே இல்லை. பர்ஸ், தோள்பை, கோட்டுப் பை, சட்டைப் பை.

அவன் கழுத்தில் தொங்கிய பலகையைப் பார்த்தேன். துரையின் பேச்சு முழுக்க அதில்தான். தண்ணீர், கழிப்பறை, பாட்டு, வலிக்கிறது, போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், பிய்த்து ஒட்டுகிற பட்டையில் இருக்கும். எது வேண்டுமோ அதைத் தொட்டுக் காட்டுவான்.

கடைசி வரிசையின் ஓரத்தில் பட்டை மட்டும் இருந்தது. படம் இல்லை. அவன் கட்டைவிரல் அந்த இடத்தையே உரசிக்கொண்டிருந்தது.

அங்கே இருந்தது எங்கள் வீட்டின் படம். நீல கேட்டோடு நானே எடுத்து ஒட்டியது.

"இவன் யாரையும் அடிக்கப் போகல சார், தேடியிருக்கான்! இவனோட வீட்டை யாரோ எடுத்துட்டீங்க, அதத்தான் ஒவ்வொருத்தர் பையிலயும் தேடியிருக்கான்!"

நான் குரல் எடுத்தால் தெருநாய்கூட அடங்கும். வாயில்லாதவனுக்கு இருந்த வாயையும் பிடுங்கிவிட்டு, அவன் முரடன் என்று புகார் வேறா? மேலிடம் வரைக்கும் போவேன், ஒருவரையும் சும்மா விடமாட்டேன் என்றேன்.

கதவோரம் நின்ற பராமரிப்பாளர், அந்தக் கிழிந்த சட்டைக்குச் சொந்தக்காரர், படம் எங்காவது விழுந்திருக்கும் என்று நினைத்ததாக முணுமுணுத்தார். தங்கமான மனிதர். அன்றைக்கு எனக்கு அங்கே ஒருவரும் நல்லவராகத் தெரியவில்லை.

பொறுப்பாளரின் முகம் சுண்டிவிட்டது. பூட்டுப் பகுதி வேண்டாம், இன்றைக்கே புதுப் படம் ஒட்டிவிடலாம் என்று இறங்கி வந்தார்.

ஜெயித்துவிட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். விட்டால் அது நானா? எடுத்தவர் யாரோ, அவர் துரையிடம் மன்னிப்புக் கேட்காமல் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்றேன்.

பொறுப்பாளர் பராமரிப்பாளரைப் பார்த்தார். பராமரிப்பாளர் தரையைப் பார்த்தார்.

"அவங்களத் திட்டாதடி" என்றாள் அம்மா. அதுவரை அவள் வாயே திறக்கவில்லை. "நான்தான் எடுத்தேன், அவன் குளிக்கப் போனப்ப. நான் வர்றப்பல்லாம் அதுல விரல வெச்சுட்டு என் மொகத்தையே பாக்கறான். எத்தன தடவதான் இல்லன்னு சொல்றது?"

துரையின் கட்டைவிரல் நின்றது.

இத்தனை நேரமும் நான் மல்லுக்கு நின்றது தப்பான ஆட்களோடு. முதுகில் குத்தியவள் என்னோடு ஒரே வண்டியில் வந்து இறங்கியிருக்கிறாள். இறங்கும்போது கைகொடுத்ததே நான்தான்.

எங்கே அது என்று கேட்டேன். அம்மா துரையின் மடியைப் பார்த்தாள்.

அவளுடைய கைப்பை அங்கே இருந்தது. அம்மா வந்ததும் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் கிளம்புகிறவரை காவல் காப்பது துரையின் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டான். இப்போதும் ஒரு கையால் அதை அணைத்துப் பிடித்திருந்தான்.

விடுதியில் ஒருவர் பை பாக்கியில்லாமல் கிழித்துப் பார்த்தவனுக்கு, அதை மட்டும் திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை.