கடைசியில் முதல் பக்கம்

கணக்கெடுக்கப் போகும் வீட்டில் பெயர் எழுதும் முதல் பக்கத்தைக் கிரண்குமார் கடைசியில்தான் எடுப்பான். எடுத்த எடுப்பிலேயே பெயர் கேட்டால், ரேஷன் கார்டுக்கு ஆபத்து என்று ஜனங்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

பாலசமுத்திரத்தில் சந்திரம்மா வீட்டிலும் அப்படித்தான் செய்தான். பத்து வருஷத்துக்கு முன் இதே வீட்டில் எழுதிய படிவத்தின் நகல் கையில் இருந்தது. யார் முன்னேறினார்கள், யார் பின்தங்கினார்கள் என்று திருப்பதி காலேஜ் ஆராய்ச்சிக்கு ஒப்பிட வேண்டும்.

"அரிசி மாசம் பூரா வருதாம்மா? அப்போ போதலைன்னு எழுதியிருக்கு."

"இப்ப மிஞ்சுது சார். தெனமும் மிஞ்சுது."

"படுக்க எடம்?"

"தாராளமா கீது. அப்பல்லாம் காலை நீட்ட முடியாது."

"மாத்துத் துணி?"

"பொட்டி நெறைய கீது."

மூன்றுக்கும் 'முன்னேற்றம்' என்று டிக் போட்டான். காலையிலிருந்து ஏறி இறங்கிய வீடுகளில் இதுதான் முதல் நல்ல சேதி. உற்சாகமாக முதல் பக்கத்தைத் திருப்பினான். பழைய நகலில் ஐந்து பெயர்கள் இருந்தன.

"வீட்ல இருக்கிறவங்க பேரெல்லாம் சொல்லுங்கம்மா."

"என் பேரை மட்டும் எழுதிக்க சார். அவரும் மூணு பசங்களும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன லாரி கவுந்துடுச்சி. நாலு வருசம் ஆவுது."



"அப்போ அரிசி மிஞ்சுதுன்னீங்களே..."

"கார்டுல பேரை எடுக்க மனசு வரல. அஞ்சு பேருக்கும் அரிசி வருது, அஞ்சு பேருக்கும் ஆக்கறேன். துன்னத்தான் ஆளில்ல."

டிக்குகளை அழிக்க ரப்பரை எடுத்தான் கிரண்குமார். ஆனால் அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.