திரைக்கு அந்தப் பக்கம்

"என்ன குரங்குதின்னி, இன்னும் சாகலையா நீ?"

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கரகரத்த குரல் வந்ததும் சிலேஷே அம்மாளின் முதுகு தானாக நிமிர்ந்தது. கையில் ஊசி ஏறியிருந்தது. தலைக்கு மேலே தொங்கிய பாட்டிலிலிருந்து சிவப்பு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"உன் குழியில ஒரு பிடி மண்ணு போடாம நான் எப்படிய்யா போவேன், எலிதின்னி?" என்றாள்.

வார்டே சிரித்தது. அவளுடைய பெம்பா இனத்தவரும் ங்கோனி இனத்தவரும் பாட்டன் காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள். இப்போது வாயால் மட்டும். சாவு வீட்டில்கூட ஒருவரை ஒருவர் வாரலாம், கோபப்படத்தான் கூடாது என்பது ஜாம்பியாவில் எழுதாத சட்டம்.

மொத்தம் ஆறு தவணை கீமோ. முதல் தவணையிலேயே வாந்தியெடுத்து ஓய்ந்துபோய், "போதும், இருக்கிற முடியோட போய்ச் சேர்றேன்" என்று மகள் பூப்பேயிடம் சொல்லிவிட்டாள் சிலேஷே. ஆறுதல் சொல்ல வந்த சர்ச் பெண்களோ, இதே மார்புக் கட்டியில் செத்துப்போனவர்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, கோழிக் குழம்பையும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார்கள்.

பூப்பே அழுது புரண்டுதான் இரண்டாவது தவணைக்கு அனுப்பினாள். அன்றுதான் பக்கத்துப் படுக்கையில் இந்த ங்கோனிக்காரர் ஜெரே வந்து சேர்ந்தார். முகத்தைக் காட்டமாட்டார், திரையை விலக்கவும் விடமாட்டார். வாய் மட்டும் ஓயாது.

"ஒரே பாட்டிலுக்கு ஓட்டமா? உங்க பாட்டனுங்களும் எங்க ஈட்டியப் பாத்து இப்படித்தான் ஓடுனாங்க!"

அதற்குச் சரியான பதில் சிலேஷேவுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றியது. அதைச் சொல்வதற்காகவே மூன்றாவது தவணைக்கு வந்தாள். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் அப்படித்தான்.

ஆண்பிள்ளை என்றால் இப்படி நாலு வார்த்தை பேச வேண்டும். அவளுக்கும் ஒரு மருமகன் வாய்த்திருக்கிறானே!

பூப்பே டீச்சர், நினைத்தபோது லீவு கிடைக்காது. அதனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவது மருமகன் முசோண்டாதான். பெம்பா வழக்கப்படி மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது; மாமியார் முறைப்படி மருமகன் விருந்து வைத்தால்தான் அந்த விலக்கு நீங்கும். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் சிலேஷே வைக்கவில்லை. "அந்த மரக்கட்டைக்கு விருந்து ஒண்ணுதான் குறைச்சல்!" என்பாள்.

முசோண்டா அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு மாயமாகிவிடுவான். எல்லாம் முடிந்து வந்தால் கார் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்மிவிட்டு வருகிற ரகம். அவளும் தரையையே பார்த்து நடப்பதால், இத்தனை வருஷத்தில் மருமகனிடம் அவள் கண்டதெல்லாம் அவனுடைய பழுப்பு ஷூதான். ஒன்றில் கறுப்புக் கயிறு, இன்னொன்றில் வெள்ளைக் கயிறு. ஷூவுக்கு ஜோடிக் கயிறு வாங்கத் தெரியாதவன்தான் அவள் மகளைக் காப்பாற்றப் போகிறானாம்.

இன்று ஆறாவது தவணை. ஜெரேயை ஒரேயடியாக மடக்குவது என்று முடிவுசெய்து, சிலேஷே ஒரு பொட்டலத்தோடு வந்திருந்தாள். உப்புப் போட்டுக் காயவைத்துக் குச்சியில் கோத்த எலி, சந்தையில் தேடிப்பிடித்து வாங்கியது. நர்ஸ் நமுகோலோவிடம் கொடுத்துத் திரைக்கு அந்தப் பக்கம் அனுப்பினாள்.

"ஜெரே ஐயா, உங்க ஊரு விருந்து! எலும்பு நொறுங்குற சத்தம் எனக்குக் கேக்கணும்."

ஐந்து தவணையில் முதல் தடவையாக அந்த வாய் அடைத்துப்போனது.

"இ... இன்னிக்குப் பல்வலி" என்று கடைசியில் ஈனமாக வந்தது குரல்.

"எலியப் பாத்துப் பயப்படுற ங்கோனிய இன்னிக்குத்தாய்யா பாக்கிறேன்!"

நமுகோலோ வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சிலேஷே சிரித்த சிரிப்பில் ஊசியே கழன்றிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் தணிந்து வந்தது. "குரங்குதின்னி, கீமோ இன்னியோட முடியுது. அடுத்து இருபத்தஞ்சு நாள் கதிர்வீச்சு. அங்க நான் வர வழியில்ல. பாதியில ஓடிர மாட்டியே?"

கதிர்வீச்சுக்கு எல்லோரும் ஒரே கூடத்தில் முகத்துக்கு முகம் பார்த்து உட்கார வேண்டும். அங்கே திரை கிடையாது. முறை வந்தால் மெஷின் அறையில் தனியாகப் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். இந்த எலிதின்னி இல்லாமல் இருபத்தைந்து நாளா? நிஜமாகவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மருந்து தீர்ந்ததும் நமுகோலோ ஊசியைக் கழற்றினாள். செருப்பில் ஒன்று திரைப் பக்கமாக நகர்ந்துபோயிருந்தது. அதை எடுக்கக் குனிந்த சிலேஷே, திரைக்கு அடியில் தெரிந்த ஷூக்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

"தலை சுத்துதாம்மா?"

"இல்லம்மா. தேடுனது கெடைச்சிருச்சு" என்று எழுந்தாள். வெளியே போகாமல், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சாவகாசமாக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

அவள் வாசலுக்கு வந்தபோது முசோண்டா வழக்கம்போலக் கார் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான். எங்கிருந்தோ ஓடிவந்தவனைப் போல அவனுக்கு மூச்சு வாங்கியது. சிலேஷே வழக்கம்போலத் தரையைப் பார்த்தபடி போனை எடுத்து, ஊருக்கே கேட்கும்படி மகளிடம் பேசினாள்.

"பூப்பே, வர்ற சனிக்கிழமை மருமகன் விருந்து. கதிர்வீச்சு தொடங்குறதுக்குள்ள முடிச்சிரணும்."

"அம்மா! நெஜமாவா? மரக்கட்டைக்கு விருந்து எதுக்குன்னியே! சரி, என்னம்மா சமைக்கணும்?"

"என்ன வேணா சமைடி. எலி மட்டும் வேணாம், உன் வீட்டுக்காரருக்குப் பல்வலி!"