ஜானு பேசியதாக ஒரு பக்கம்

என் மகள் ஜானு சாகும்போது ஒரு பக்கம் முழுக்கப் பேசினாளாம்.

அவள் தங்கிப் படித்த மயிலாப்பூர் மிஷன் விடுதியில், பிள்ளைகளையும் என்னையும் உட்காரவைத்து ஞானம்மாள் டீச்சர் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாள். சின்னப் புத்தகம், ஜானுவின் சாவைப் பற்றி டீச்சரே எழுதியது. யுத்தத்தில் பிள்ளைகளின் நோட்டுக்கே காகிதம் இல்லை. இதற்கு மட்டும் எங்கிருந்தோ கிடைத்துவிட்டது.

"அம்மா, அழாதிரும். நான் மகிமைக்குள் பிரவேசிக்கிறேன். நீரும் பாவத்தை விட்டு மனந்திரும்பும்" என்றாளாம் ஜானு.

ஒன்பது வயசுக் கழுதை. என்னை 'நீ, வா, போ' தவிர வேறு விதமாகப் பேசியதே இல்லை.

நான் என்ன பாவம் செய்துவிட்டேன்? அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்துகொண்டு நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். அதுவா?

அடுத்த வரியில் நான் அவள் தலைமாட்டில் முழங்காலிட்டு ஜெபம் செய்தேனாம். விஷக் காய்ச்சல், ஒட்டிக்கொள்ளும் என்று என்னை வெளிவாசலிலேயே மறித்தவள் இந்த டீச்சர்தான். மறுநாள் காலையில் பிணத்தைத் துணி போர்த்தித்தான் என்னிடம் கொடுத்தாள்.

"அத்தினியும் பொய்யி. எம் பொண்ணு இப்பிடியா பேசும்?" என்று எழுந்துவிட்டேன்.

டீச்சர் பதறவில்லை. என்னைத் தனியே கூட்டிப்போய்ப் பொறுமையாகச் சொன்னாள். முந்நூறு வருஷமாக இப்படித்தான் எழுதுகிறார்களாம். சீமையில் பியூரிட்டன் என்று ரொம்பக் கண்டிப்பான போதகர்கள் இருந்தார்களாம். பக்தியுள்ள குழந்தைகள் சாகும்போது பேசியதை எழுதி வைத்தார்களாம். அதைப் படித்து மனந்திரும்பியவர்களில் டீச்சரின் தாத்தாவும் ஒருவராம். அதிலிருந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் பேச்சைத்தான் டீச்சர் ஜானுவின் வாயில் வைத்தாளாம்.

அந்தப் பிள்ளையாவது அப்படிப் பேசியதா என்று எவன் கண்டான்?

புத்தகத்தைப் பிடுங்கிவிட்டேன். கிழித்து அவள் முகத்திலேயே எறியலாம் போல இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது ஒன்றுதான்.

"அது கெடக்கட்டும், டீச்சரம்மா. எம் பொண்ணு நெசமா இன்னா சொல்லிச்சு? என்னைக் கூப்பிட்டுச்சா?"

டீச்சர் தரையைப் பார்த்தாள்.

"தெரியாது, தாயம்மா. எனக்கும் ஒட்டிக்கும்னு பயம். ராத்திரியே அவ ரூமை வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டு வந்துட்டேன்."